யாரையும் தூக்கச் சொன்னதில்லை

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்குக் கால் ஆடுகிறது. இதில் உட்காருங்கள். தண்ணீர் குடிக்கிறீர்களா? சரி.

முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் யாரையும் என் சைக்கிளைத் தூக்கச் சொன்னதில்லை. இந்த ஆபீஸில் யாரிடம் பேசினாலும் வேறு மாதிரி சொல்வார்கள். எனக்குப் பின்னால் என்னைப் 'பல்லக்கு' என்று கூப்பிடுகிறார்களாம். காபி கொண்டுவருகிற அம்மாவுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. நேற்று டம்ளரை இங்கே வைத்துவிட்டு வெளியே போய், "பல்லக்குக்குச் சர்க்கரை போட்டதா, போடாததா?" என்று கேட்கிறாள். கதவு திறந்துதான் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. இந்த மாதத்தோடு அவளை நிற்கச் சொல்லியாகிவிட்டது, அது வேறு விஷயம்.

அடுத்த வாரம் நீங்கள் என்னோடு மலைக்கு வரப்போகிறீர்கள். மதுரைக் கிளைக்கு மேனேஜர் வேண்டும், நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதனால் போன தடவை நடந்ததை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லிக் கேட்டால் உங்களுக்கு வீண் பயம் வரும்.

பெரிய முதலாளி இருந்தவரை ஆள் எடுப்பது சுலபமாக இருந்தது. இரண்டு கேள்வி கேட்பார், ஒரு மோட்டாரைக் கழற்றி மாட்டச் சொல்வார், முடிந்தது. இப்போது சின்ன முதலாளி. வெளிநாட்டில் படித்தவர். மலைச் சைக்கிள் என்றால் அவருக்கு உயிர். போன வருஷம் என்னைக் கூப்பிட்டு, "ஏ.சி. ரூமுல உக்கார வெச்சுக் கேள்வி கேட்டா எவனும் நல்லவனாத்தானுங்கண்ணா தெரிவான். நாலு நாள் மலையில விடுங்க. களைச்சுப் போனவனுக்கு நடிக்கத் தெம்பு இருக்காது" என்றார். மூன்று சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். மதுரைக்கு இரண்டு பேர் போட்டி. கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, யார் என்று வந்து சொல்லுங்கள் என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான். மனிதர்களை எடைபோடுவதில் என் மேல் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

மலைச் சைக்கிளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதோ சுவரோரமாக இரண்டு நிற்கிறதே, அதுதான். டயரைப் பாருங்கள், பலாக்காய்த் தோல் மாதிரி முள் முள்ளாக இருக்கும். முன்னால் இருக்கிற இரண்டு குழாய்களும் அமுங்கி எழும், அதிர்ச்சியை அவை வாங்கிக்கொள்ளும். ஓட்டுவதற்குத்தான் சைக்கிள் என்று நினைப்பீர்கள். நாங்கள் போன பாதையில் பாதி தூரம்தான் ஓட்டலாம். மீதிப் பாதி, சைக்கிள் நம் மேல் ஏறிக்கொள்ளும். கல்படி வரும், பாறை வரும், ஓடை வரும். அப்போது இந்த மேல் குழாயைத் தோளில் போட்டு, கையை வளைத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ரொம்பச் செங்குத்து என்றால் முதுகுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பதினைந்து கிலோதான். அரிசி மூட்டையைவிடக் குறைவு. ஆனால் அரிசி மூட்டைக்குப் பெடல் கிடையாது. அது வந்து விலாவில் குத்தும்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் சகாயராஜ். வத்தலக்குண்டுக்காரன், ஓசூரில் நமக்கு விற்பனை பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் திருமேனி. தென்காசிப் பக்கம், திருச்சியில் சர்வீஸ் பிரிவு. இரண்டு பேருமே என்னைவிட வயதில் சின்னவர்கள், அதனால் அவன் இவன் என்கிறேன். தவறாக நினைக்காதீர்கள். உங்களை அப்படிச் சொல்ல மாட்டேன். இப்போதைக்கு.

சகாயராஜுக்கு மதுரை ஏன் வேண்டும் என்று கேளுங்கள். பதவிக்காக இல்லை. அவன் மனைவி ஜோஸ்பின் மதுரையில் நர்ஸ். பிள்ளை அங்கே. இவன் ஓசூரில். மாதம் ஒரு தடவை சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்புவான். வீட்டில் அந்தப் பெண்ணின் தம்பியும் இருக்கிறான் போலிருக்கிறது. பிள்ளைக்கு மூன்று வயது. வீட்டில் இருக்கிற மாமனை அப்பா என்கிறதாம், மாதம் ஒரு தடவை வருகிற இவனை மாமா என்கிறதாம். மாற்றிப் போட்டுக்கொண்டுவிட்டது! இதை அவன் இரண்டாம் நாள் மத்தியானம் என்னிடம் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவன் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. பிறகுதான் அவன் அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

இருக்கட்டும். முதல் நாளுக்கு வருகிறேன்.

திண்டுக்கல்லுக்கு மேற்கே, கீழ்ப்பழனி மலையில் தார் ரோடு முடிகிற இடத்தில் ஜீப் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அங்கிருந்து காபித் தோட்டங்களுக்குள்ளே பழைய குதிரைப் பாதை. மலையைச் சுற்றி ஏறி, அடுத்த பக்கம் இறங்க நான்கு நாள். தங்குவதற்கு எஸ்டேட் பங்களாக்கள், எல்லாம் சின்ன முதலாளியின் சொந்தக்காரர்களுடையவை. நிழலில் ஒரு மணி நேரம் அருமையாக ஓட்டினோம். பிறகு கல்படி வந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு படி இல்லை என்பதுதான் குறை, மற்றபடி சுவர் மாதிரி நின்றது.

நான் இறங்கி, சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு, ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தேன். அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தால் மரத்தடியில் என் சைக்கிள் இல்லை. முன்சக்கரத்தைச் சகாயராஜ் பிடித்துக்கொண்டிருக்கிறான். பின்சக்கரத்தைத் திருமேனி பிடித்துக்கொண்டிருக்கிறான்.

"விடுங்க திருமேனி, சார் வண்டிய நான் கொண்டாறேன்."

"நீரு ஒம்ம வண்டியப் பாரும்வே. இது எங்கிட்ட இருக்கட்டும்."

"நான்தான மொதல்ல தொட்டேன்?"

"தொட்டா? தாலியா கட்டிட்டீரு?"

நீங்களே சொல்லுங்கள், நான் வாயைத் திறந்தேனா? கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் சக்கரம் கோணிப்போகுமே என்றுதான் எனக்குக் கவலை. "ஏம்ப்பா, ஆளுக்குக் கொஞ்ச தூரம்னு வெச்சுக்கிட்டாச் சண்டையே இல்லையே" என்றேன். சண்டையைத் தீர்த்துவைத்தேன். இதைத்தான் இங்கே, 'பல்லக்கு தூக்குறதுக்கு முறை போட்டுக் கொடுத்தாரு' என்கிறார்கள். சமாதானம் பண்ணினால் இப்படி ஒரு பேர்.

படி முடிந்து பாதை சமமானதும் என் சைக்கிளைத் துடைத்து, கைப்பிடியை என் பக்கம் திருப்பி நிறுத்தினார்கள். நான் ஏறி ஓட்டினேன். ஒரு விஷயத்தை நான் அடித்துச் சொல்வேன் தம்பி. அந்த நான்கு நாளும் என் சைக்கிளை என்னைத் தவிர வேறு யாரும் ஓட்டவில்லை.

இரண்டாம் நாள் திருமேனி மாறிவிட்டான். ராத்திரி தூக்கம் போதவில்லையோ என்னவோ, காலையில் முதல் ஏற்றம் வந்ததும் தன் சைக்கிளை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று ஏறிப் போய்விட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் சைக்கிள் கீழே நிற்கிறது. நான் பக்கத்தில் நிற்கிறேன். எனக்கு முழங்கால் கொஞ்சம் வலி, ஆனால் நான் அதை வெளியே காட்டிக்கொள்கிறவன் இல்லை. சும்மா ஒரு தடவை முழங்காலைத் தடவிக்கொண்டேன். உடனே சகாயராஜ், "இருக்கட்டும் சார், நீங்க வெறுங்கையா ஏறுங்க, நான் வந்து எடுத்துக்கறேன்" என்றான்.

அவன் எப்படிச் செய்தான் என்று கவனமாகக் கேளுங்கள், உங்களுக்கு உபயோகப்படும். முதலில் தன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஒரு திருப்பம் வரை ஏறுவான். அதை அங்கே கிடத்திவிட்டு வெறுங்கையோடு இறங்குவான். என்னுடையதைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறுவான். பிறகு அடுத்த திருப்பம். ஆக, நாங்கள் ஒரு தடவை நடந்த பாதையை அவன் மூன்று தடவை நடந்தான். நான் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து அவனுக்காகக் காத்திருந்தேன். பொறுமையாகவே காத்திருந்தேன். ஒரு இடத்தில்கூட 'சீக்கிரம் வா' என்று சொன்னதில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்திருப்பேன், அது பழக்கதோஷம்.

மேலே ஒரு பாறை நிழலில் திருமேனி உட்கார்ந்திருந்தான். நான் பாறைக்குப் பின்பக்கமாக ஒதுங்கியிருந்தேன், நான் இருப்பது அவனுக்குத் தெரியாது. சகாயராஜ் இரண்டாவது சைக்கிளோடு வந்து சேர்ந்ததும் திருமேனி கேட்டான்.

"ஏ சகாயம், ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? அந்தாளுக்குக் கை இல்லையா?"

"மூட்டு வலியாம்ப்பா."

"மூட்டு கால்ல. சைக்கிள் தூக்குறது தோள்ல. நேத்து நானும் ஒரு நாள் மூளை கெட்டுப் போய்த் தூக்குனேன். இப்ப என் வண்டி மட்டும்தான். நீயும் அப்படியே விடு. ரெண்டு பேரும் விட்டா அந்தாளு என்ன செய்வாரு? தூக்கித்தான ஆகணும்?"

"நீ விட்டுட்ட, நான் தூக்கறேன். அப்ப எனக்குத்தான மதுரை?"

"அட கூறுகெட்டவனே."

பாருங்கள். திருமேனி கெட்டிக்காரன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூட வருகிறவனுக்கு ஒத்தாசை செய்கிற குணம் துளியும் இல்லை. தன் வண்டி, தன் தோள், தன் வழி. இப்படிச் சுயநலம் பிடித்தவன் கையில் ஒரு கிளையைக் கொடுக்க முடியுமா? அந்தப் பாறைக்குப் பின்னாலேயே அவன் பெயரை நான் மனதில் அடித்துவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் மிச்ச நாளும் நன்றாக நடந்துகொள்ள மாட்டானே.

மூன்றாம் நாள் அவனாகவே வேலையைச் சுலபமாக்கிவிட்டான். பாதை ஒரு இடத்தில் மலைரோட்டைக் குறுக்கே கடக்கிறது. அங்கே ஒரு டீக்கடை. கடை வாசலில் மூட்டை ஏற்றின பிக்கப் ஒன்று நின்றது, கீழே வத்தலக்குண்டுக்குப் போகிற வண்டி. நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். திருமேனி டம்ளரை வைத்துவிட்டுப் போய் டிரைவரிடம் இரண்டு வார்த்தை பேசினான். சைக்கிளைத் தூக்கி மூட்டை மேல் போட்டான். பிறகு என் முன்னால் வந்து நின்று சொன்னான்.

"சார், எனக்கு மதுரையும் வேண்டாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேண்டாம். திருச்சி வெயிலே எனக்குப் போதும்."

"பாதியில போறவங்களைப் பத்திச் சின்ன முதலாளி என்ன நெனப்பாருன்னு யோசிச்சியாப்பா?"

"முழுக்கத் தூக்கினவனைப் பத்தி என்ன நெனப்பாருன்னு வந்து சொல்லுங்க சார், தெரிஞ்சுக்கறேன்."

வாய்க்கொழுப்பைப் பாருங்கள். நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சகாயராஜிடம் போனான்.

"வாடே. வந்து ஏறு. ஒங்க ஊருக்குத்தான் வண்டி போவுது. அங்கயிருந்து மதுரைக்கு பஸ் ஏறுனா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிள்ளையப் பாத்துரலாம்."

சகாயராஜ் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் அவன் சைக்கிள், இன்னொரு கையில் என் சைக்கிள். பிக்கப்பைப் பார்த்தான். அது புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தான். சத்தியமாகச் சொல்கிறேன், ஏறாதே என்று நான் சொல்லவே இல்லை. "மதுரைக்கு இனி ஒரே ஆள்தான் போலிருக்கு" என்று டீக்கடைக்காரரிடம் பொதுவாகச் சொன்னேன்.

"ரெண்டு நாள்தான் திருமேனி" என்றான் சகாயராஜ். "ரெண்டே நாள். இப்ப போனா இன்னைக்கு மட்டும் பாப்பேன். தூக்கிட்டேன்னா தினமும் பாக்கலாம்ல."

"அந்தாளு ஒனக்குத் தர மாட்டாரு சகாயம்."

"வேற யாருக்குத் தருவாரு? நீயும் போற."

பிக்கப் போய்விட்டது. வளைவு திரும்புகிற வரைக்கும் திருமேனி பின்னால் நின்று கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டே போனான். நாகரிகம் இல்லாதவன்.

இங்கேதான் என் நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். போட்டிக்கு ஒரே ஆள் மிச்சம் என்றால், அவனுக்குத்தான் என்று அவன் நினைத்துக்கொள்கிறான். ஆனால் இரண்டாவது ஆள் இல்லாத ஓட்டத்தில் முதலாவது வந்தவனை ஜெயித்தவன் என்று எப்படிச் சொல்வது? ஆகவே நான் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியதாயிற்று. அன்று மத்தியானம் என் முதுகுப் பையையும் கொஞ்ச நேரம் இறக்கி வைத்தேன். அவன் எடுத்துக்கொண்டான். குறித்துக்கொண்டேன், மனதில்தான்.

அன்று சாயங்காலம் பங்களாவுக்கு எதிரே ஒரு பாறை. அதன் மேல் நின்றால்தான் போனில் சத்தம் கேட்கும். சகாயராஜ் அதில் ஏறி நின்று வீட்டுக்குப் பேசினான். எனக்கோ பசி. சாப்பாடு போட ஆள் இருந்தார், ஆனால் அவனையும் வைத்துக்கொண்டு சாப்பிடுவதுதானே மரியாதை. காத்திருந்தேன். "நாளைக்கு எறங்கிடுவோம் ஜோஸ்பின்... ஆமா, நான் ஒருத்தன்தான்... ஆமாங்கறேன்ல... ஒன் தம்பிய வேற ரூம் பாக்கச் சொல்லு... பிள்ளகிட்ட குடு... டேய், யாரு பேசறேன்? மாமா இல்லடா... மாமா இல்ல..." என்று கத்திக்கொண்டிருந்தான். இறங்கி வந்ததும் என்னிடம், "வீடு கொஞ்சம் பெருசாப் பாக்கச் சொல்லவா சார்?" என்று கேட்டான்.

நான், "பாக்கறதுல என்ன தப்பு?" என்றேன். பார்ப்பதில் என்ன தப்பு? நீங்களே சொல்லுங்கள்.

நான்காம் நாள் இறக்கம். அடுத்த பக்கத்தில் நேராகக் கீழே கொண்டுபோய் விடுகிற கல்படி. காலையில் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் எனக்கு ஒரு பை நிறையக் கமலா ஆரஞ்சு கொடுத்தார். மலை ஆரஞ்சு, தோல் சுருங்கியிருக்கும், உள்ளே தேன். புறப்படும்போது மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "மழைக்கு முந்தி எறங்கிட்டா நல்லா இருக்கும்" என்றேன். வானத்தைப் பார்த்துச் சொன்னேன் தம்பி. வானிலையைப் பற்றி யாரும் சொல்வதுதான். அவன் அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டான். மூன்று தடவை நடந்தால் மழை பிடித்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டுவிட்டான். தன் சைக்கிளை முதுகில் குறுக்காகப் போட்டுக் கயிற்றால் கட்டிக்கொண்டான். என்னுடையதை வலது தோளில் மாட்டிக்கொண்டான். இரண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு இறங்க ஆரம்பித்தான். பார்ப்பதற்கு ஒரு பெரிய வெட்டுக்கிளி படியில் இறங்குகிற மாதிரி இருந்தது. போட்டோகூட எடுத்தேன். சின்ன முதலாளிக்குப் பிடிக்கும் என்று.

நான் பின்னால் ஆரஞ்சு உரித்துக்கொண்டே வந்தேன். எனக்குத் தனியாகத் தின்கிற பழக்கம் கிடையாது. ஒரு சுளையை அவனிடம் நீட்டினேன். "கை இல்ல சார்" என்றான். ஒரு கை என் சைக்கிளில், ஒரு கை பாறையில். "வாயத் தொற" என்று நானே ஊட்டிவிட்டேன். எந்த மேனேஜர் செய்வான்? கொட்டையைத் துப்பக்கூட அவனால் குனிய முடியவில்லை, விழுங்கிவிட்டான்.

மழை வந்தேவிட்டது. பாசி பிடித்த படி. எனக்கு முன்னால் நான்கு படி தள்ளி அவன் கால் வழுக்கியது. அவன் விழுந்த விதத்தை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு. சாதாரணமாக விழுகிறவன் கையில் இருப்பதை விட்டுவிட்டுக் கையை ஊன்றுவான். இவன் விடவில்லை. என் சைக்கிளை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் சைக்கிளின் மேல், இடது தோள் கல்லில் மோத, அப்படியே போய் உட்கார்ந்தான். ஈர விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். நான் பதறிப்போய் ஓடினேன். முதலில் கியரைப் பார்த்தேன். பிறகு சட்டத்தை. ஒரு கீறல் இல்லை.

"சார், வண்டிக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று அவனும் அதைத்தான் கேட்டான்.

"ஒண்ணும் ஆகல. ஒனக்கு?"

"தோள் தூக்க மாட்டேங்குது சார்."

காறையெலும்பு முறிந்திருந்தது. துண்டைக் கழுத்தில் முடிந்து கையை அதில் மாட்டிவிட்டேன். அதற்குப் பிறகு கீழே வரைக்கும் என் சைக்கிளை நானேதான் உருட்டிக்கொண்டு இறங்கினேன். இதை இந்த ஆபீஸில் ஒருத்தனும் சொல்வதில்லை பாருங்கள். அவனுடையதா? அவன் ஒரு கையால் இழுத்துக்கொண்டு வந்தான். விட்டுவிட்டு வந்திருக்கலாம், நான் தடுக்கவில்லை. கம்பெனி வண்டியாயிற்றே என்று நினைத்திருப்பான். கம்பெனி வண்டிதான்.

கீழே ஜீப்புக்காக ஒரு பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பல் கிட்டிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் அவனுக்கு ஒரே நினைப்பு.

"சார், மதுரை..."

"மொதல்ல ஒடம்பப் பாரு சகாயம்."

"இல்ல சார், ஜோஸ்பின்கிட்ட சொல்லிட்டேன். சொல்லலாமான்னு உங்களைக் கேக்காமச் சொல்லிட்டேன். அதான்."

"எல்லாம் முறைப்படி நடக்கும்" என்றேன். அவன் சிரித்தான். அதை அவன் நல்ல பதிலாக எடுத்துக்கொண்டுவிட்டான். நான் நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் சின்ன முதலாளி, "யாருங்கண்ணா?" என்று கேட்டார். நான் சொன்னேன்: திருமேனிக்குச் சுமக்க மனசில்லை, அவன் வேண்டாம். சகாயராஜுக்கு இறக்கி வைக்கத் தெரியவில்லை, அவனும் வேண்டாம். மேனேஜர் என்பவன் ஆபத்து என்றால் எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று ஒரு நொடியில் முடிவு செய்ய வேண்டும். தோள் முறிகிறபோதும் அடுத்தவன் சைக்கிளை விடாதவன், நாளைக்குக் கம்பெனியின் சரக்கு எது, வாடிக்கையாளன் சரக்கு எது என்று எப்படிப் பார்ப்பான்? போட்டோவையும் காட்டினேன். சின்ன முதலாளி ரொம்ப நேரம் பார்த்தார். "தூக்கறவன் மேனேஜர் இல்லீங்க தம்பி, தூக்கறவங்களை வெச்சு வேலை வாங்கறவன்தான் மேனேஜர்" என்றேன். அந்த வாக்கியம் அவருக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது, இப்போது மீட்டிங்கில் அவரே சொல்கிறார். என் பெயரைச் சொல்வதில்லை. பரவாயில்லை.

சகாயராஜுக்கு நான் கெடுதல் செய்யவில்லை. தோள் சரியாகக் கூடவில்லை, இடது கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாது. ஓசூரில் பைக்கில் அலைகிற வேலைக்கு இனி லாயக்கில்லை. வேலையை விட்டே அனுப்பியிருக்கலாம். நான்தான் பேசி, விஜயவாடா கோடவுனில் உட்கார்ந்து பார்க்கிற வேலையாக வாங்கிக் கொடுத்தேன். படியே கிடையாது, எல்லாம் தரைத்தளம். மதுரைக்கு ரயில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிறானாம்.

இவ்வளவுக்கும் அவன் மனைவி எனக்குப் போன் பண்ணினாள். நன்றி சொல்லத்தான் என்று நினைத்து எடுத்தேன்.

"சார், நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். அவர் மேல ரெண்டு வண்டி இருந்தப்ப, உங்க கையில என்ன சார் இருந்துச்சு?"

நான் பொய் சொல்கிறவன் இல்லை. "ஆரஞ்சும்மா" என்றேன். "அதுலயும் ஒரு சுளை அவருக்குத்தான் குடுத்தேன்."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாள். படித்த பெண், நர்ஸ், ஒரு 'சரிங்க சார்' சொல்ல வரவில்லை. எனக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை தம்பி. ஒருத்தருக்கு நல்லது செய்துவிட்டு இப்படிப் பேச்சு வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவனுக்குத்தான் தெரியும்.

சரி, என் கதை இருக்கட்டும். உங்களுக்கு மதுரை எதற்கு? சொல்லுங்கள்.

அப்படியா. அம்மாவுக்கா. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ் என்றால் கூட ஆள் வேண்டும்தான். இங்கே கோயம்புத்தூருக்கு மாற்றிக் கூட்டிவர முடியாதோ? சரி, சரி. கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முறைப்படி நடக்கும்.

இன்னொருவரும் வருகிறார், சேலத்திலிருந்து. அவரும் காலையில் வந்து கதை கேட்டுவிட்டுத்தான் போனார். போகும்போது ஒரு சைக்கிளை அவரே கீழே இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், நல்ல மனிதர். அதுதான் இங்கே இரண்டு மட்டும் நிற்கிறது. மூன்றையும் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும். வண்டி வந்து கீழே நிற்கிறது, இந்த டிரைவரைத்தான் மேலே காணோம். லிஃப்ட் வேறு காலையிலிருந்து வேலை செய்யவில்லை. மூன்று மாடி.

என்ன தம்பி, எழுந்துவிட்டீர்கள்? அட, அதை ஏன் எடுக்கிறீர்கள்? அது என்னுடையது. உங்களுக்கு ஒதுக்கினது அந்தப் பச்சை. என்னது, இரண்டையுமா? ஒவ்வொன்றாகக் கொண்டுபோகலாமே. இல்லையா? உங்கள் இஷ்டம். தோளில் போடும்போது பெடலை வெளிப்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். ஆங், அப்படித்தான். பழகினவர் மாதிரி எடுத்துவிட்டீர்களே. இருங்கள் இருங்கள், உங்களுக்குக் கை இல்லை. கதவை நான் திறந்துவிடுகிறேன்.